புளிப்பு வாடை அடித்த நாட்கள்

ஜூலை 7, திங்கள்

பத்து நாளாக மழை இல்லை. ஏழரைக்கே கிள்ளான் ஸ்டேஷன் படிக்கட்டில் வியர்த்துவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வரும் ரயில் இன்றும் தாமதம். என்னோடு வேலை செய்யும் ரஹிம் காரில் காத்திருந்தார், எனக்கும் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கி வைத்துக்கொண்டு. காப்பாரில் எங்கள் கம்பெனிக்குப் போய்ச் சேர எட்டேகால்.

இன்று:
– 41ஆம் பேட்ச். ரப்பர் மரத்தூள் இரண்டு மூட்டை, பாஸின் நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து. தூளுக்குள் ஆணி ஒன்று. அங்கே சலிக்கிறவர்களிடம் சொல்ல வேண்டும்.
– கலனில் ஃபார்மிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும். மூன்று மணி நேரக் கொதி.
– போன வாரக் கணக்கு. (தள்ளிப்போட்டேன்.)

கணக்கைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் எனக்கே தெரியும். நூறு லிட்டர் அமிலம் விட்டால் குறைந்தது தொண்ணூற்றைந்து ஆவியாகிக் குளிர்ந்து திரும்பி வர வேண்டும். கொஞ்ச நாளாகத் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே வரி: 'மீதி மரக்கூழில் தங்கியிருக்கலாம்.' இருக்கலாம், இருக்கலாம். ஒரு நாள்கூடக் கூழைச் சோதித்துப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு நகராண்மைக் கவுன்சிலிலிருந்து ஒரு அம்மா, புவான் அஸ்லினா. கையில் புகார்க் கடிதம். பின்வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியது. 'பாவு மாசாம்', புளிப்பு வாடை. பிள்ளைக்கு இருமல். அஸ்லினா சுற்றிலும் நடந்தார், வேலி ஓரம் நின்று மூச்சை இழுத்தார். இன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். இருந்தாலும் பதினான்கு நாளில் எழுத்தில் பதில் வேண்டும், இல்லாவிட்டால் உரிமத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

அவர் போன பிறகு நாசி லெமாக்கைப் பிரித்தேன். ஆறிவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

பாஸ் சோங் வந்தார். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இங்க எல்லாமே வாடைதான் லா, கலா. மீன் காயுது, செம்பனை ஆலை இருக்கு, கோழிப் பண்ணை இருக்கு. ஏன் நம்மளா இருக்கணும்? அந்த ஆபீசருக்கே ஒண்ணும் தெரியல. நம்ம இல்லன்னு எழுதிடு."

எழுதுகிறேன் என்றேன். உள்ளே பத்து இடத்தில் ஈரமான பி.எச். தாள் வைத்துச் சோதிக்கிறோம், ஒன்றுகூட நிறம் மாறவில்லை. அதை எழுதலாம். பொய்யில்லை.

மத்தியானம் நேற்றைய கறுப்புத் திரவத்தைக் கொதிக்கவிட்டு அமிலத்தை மீட்டோம். தொண்ணூறு லிட்டர். மிஞ்சிய குழம்பைத் தண்ணீரில் ஊற்றினோம். மரத்தின் இயற்கைப் பசையான லிக்னின் கொக்கோத் தூள் நிறத்தில் திரண்டு இறங்கியது. நாற்பத்தொன்றாவது முறை, இன்னும் பார்க்கப் பிடிக்கிறது. மரத்துக்குள் இருந்தது இப்படி வெளியே வந்து நிற்பது.

பிளைவுட் கம்பெனிக்கு இந்த மாதக் கடைசிக்குள் இருபது கிலோ போக வேண்டும். அவர்கள் பசையில் கலந்து பார்க்கப் போகிறார்கள். இதுவரை பதினொன்று இருக்கிறது. பசை பிடித்தால் பாஸ் பெரிய கலன் போடுவார். பிடிக்காவிட்டால் ரஹிமும் நானும் வேறு வேலை தேட வேண்டும்.

வீட்டில் கணவர் நாதன் கதவைத் திறந்ததும், "ஊறுகா பாட்டில் வந்துருச்சு," என்றார். தினமும் சொல்வதுதான். ஷாலைக் கழற்றி மூக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசம் மட்டும்.

"நெசமாவே அடிக்குதா?"

"என்ன கேள்வி இது? லிஃப்ட்ல ஏறும்போதே தெரியுது."

ஜூலை 10, வியாழன்

மனசு கேட்கவில்லை. மத்தியானம் ரஹிமிடம் அமிலம் மீட்பதை ஒப்படைத்துவிட்டு, சுற்றுவழியாக நடந்து பின்தெருவுக்குப் போனேன். வேலி தாண்டினால் இருபது அடி, தெரு வழியாக அரை கிலோமீட்டர். வெயில்.

புகார் கொடுத்தவர் பெயர் விமலா. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு இருக்கும். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். கணவர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். வாசலில் நின்று பெயரையும் வேலையையும் சொன்னேன்.

"ஆசிட் கம்பெனி மேடமா? உள்ள வாங்க. இல்ல, அங்கேயே நில்லுங்க."

நின்றேன்.

"ஆறு வாரமா புள்ளைக்கு இருமல். மூணு தடவ கிளினிக் போயாச்சு. மருந்து குடிச்சா நாலு நாள் சும்மா இருக்கு, அப்புறம் திரும்ப வந்துடுது. இது உங்க ஆசிட்தான். எங்க மாமியாரு மோந்து பாத்தே சொல்லிட்டாங்க. தோட்டத்துல ரப்பர் பாலு உறைய ஊத்துவாங்களே, அந்த வாசமாம்."

மாமியார் சொன்னது சரி. ஃபார்மிக் அமிலம்தான் அது.

"எந்த நேரத்துல அடிக்குது?"

விமலா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மேடம், இப்ப அடிக்குதே. உங்களுக்குத் தெரியலையா?"

மூச்சை நன்றாக இழுத்தேன். இஸ்திரி போட்ட துணி வாசம். பக்கத்து வீட்டில் யாரோ சம்பால் வதக்குகிறார்கள். வேறெதுவும் இல்லை, இந்த வாடை என் மூக்குக்குப் பழகிப்போயிருக்க வேண்டும். ஆனால் கண் ஓரம் லேசாக எரிந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

உள்ளே பிள்ளை இருமியது. வறட்டு இருமல், மூன்று நான்கு சேர்ந்தாற்போல. எண்ணிக்கொண்டு நின்றேன்.

"எல்லா நாளும் அடிக்காது," என்றார் விமலா. "மத்தியானம் ரெண்டு, ரெண்டரைக்கு மேல. காத்து இந்தப் பக்கம் திரும்பறப்ப. கவுன்சில்ல கேப்பாங்கன்னு நாள்காட்டியில சுழிச்சு வச்சிருக்கேன்."

நகைக்கடை நாள்காட்டியைக் கொண்டுவந்து காட்டினார். மே, ஜூன், ஜூலை. சிவப்புப் பேனா வட்டங்கள். படம் எடுத்துக்கொள்ளலாமா என்றேன். யோசித்துவிட்டு, சரி என்றார். கிளம்பும்போது:

"டாக்டரு கேக்கறாங்க, அந்தக் கம்பெனியில என்ன ஆசிட்டுன்னு. எனக்கு என்ன தெரியும்? தெரியலன்னேன். தெரியாம எப்படிம்மா மருந்து குடுக்கறதுன்னாங்க."

ஜூலை 11, வெள்ளி

பதிவேட்டையும் விமலாவின் வட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலை முழுக்க அதே வேலை.

நாங்கள் திங்களும் புதனும் மரத்தூளைக் கொதிக்கவிடுகிறோம். அந்த நாட்களில் வட்டமே இல்லை. வட்டம் எல்லாம் செவ்வாய், வியாழன். அமிலத்தை ஆவியாக்கி மீட்கும் நாட்கள். ஜூன் நடுவில் ஒரு வாரம் வட்டமே கிடையாது. அந்த வாரம் எங்கள் பம்ப் பழுது, ஒன்றும் ஓடவில்லை.

அஸ்லினா வந்தது திங்கட்கிழமை. அதனால்தான் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

முதல் வட்டம் மே 27. பராமரிப்பு நோட்டை எடுத்து மே மாதத்தைப் புரட்டினேன். 26ஆம் தேதியில் என் கையெழுத்து:

'வெளிச்சுவர் கண்டென்சர் இணைப்பில் கேஸ்கட் வளையம் மாற்றம். டெஃப்லான் கையிருப்பில் இல்லை. தற்காலிகமாகக் கறுப்பு ரப்பர். ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். – கலையரசி.'

ஒரு வாரத்தில். இன்றோடு ஆறரை வாரம். ரப்பர் இந்த அமிலத்தில் ஊறிப் பிதுங்கும் என்பது படித்து முடித்த முதல் வருடமே எனக்குத் தெரியும். மறந்தேன். மறந்தது மட்டும்தான். ஆனால் அந்த 'இருக்கலாம்' எல்லாம் மறதி இல்லை.

ரஹிம் தொழுகை முடிந்து வந்ததும் ஏணியை எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போனோம். இடுப்பளவு லாலாங் புல். யாரும் வராத இடம். பி.எச். தாள் வைத்ததெல்லாம் உள்ளே. ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சர் குழாயின் கடைசித் துண்டு மட்டும் சுவருக்கு வெளியே, வேலிப் பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே. ரஹிம் ஏறினார். குழாய் சேரும் இடத்தில் பழுப்புக் கோடுகள் வழிந்து காய்ந்திருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார்.

"காக் கலா, இது கெரோப்போக் அப்பளம் ஊறுன மாதிரி ஆச்சு." கிள்ளானில் வளர்ந்தவர், தமிழ் பாதி வரும்; அக்காவுக்கு 'காக்'. மேலேயே நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தார். "இங்கேர்ந்து அந்த வீட்டு ஜன்னல் தெரியுது. தையல் மெஷின் தெரியுது."

மீட்பதற்கு வைத்த ஆவியில் ஒரு பங்கு ஆறு வாரமாக அந்த ஜன்னலுக்குத்தான் போயிருக்கிறது. அந்த ஐந்து லிட்டர்.

ஜூலை 12, சனி

துணி துவைத்தேன். மீன் வாங்கவில்லை. நாதன் வாங்கி வந்தார்.

மனசுக்குள் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தேன். முதலாவது: திங்கட்கிழமை புது கேஸ்கட் போட்டுவிடுவது. வாடை நின்றுவிடும். அஸ்லினா மறுபடி வந்தாலும் ஒன்றும் தெரியாது. 'எங்கள் சோதனையில் கசிவு எதுவும் காணப்படவில்லை.' திங்கட்கிழமை மாலை எழுதினால் அது உண்மையாகவே இருக்கும்.

இரண்டாவதில் மே 26 இருக்கிறது.

நாதனிடம் சொன்னேன். மீனை அலசிக்கொண்டே கேட்டார்.

"வேல போயிடுமா?"

"போகலாம்."

"அந்தப் புள்ளைக்கு எத்தன வயசு?"

"ஏழு."

தண்ணீரை நிறுத்தினார். "டாக்டருக்குத் தெரிஞ்சா நல்லதுதானே," என்றார். அவ்வளவுதான். பிறகு மீனுக்கு மஞ்சள் எங்கே என்று கேட்டார்.

அதுதான் விஷயம். முதல் கடிதத்தை எழுதினால் வாடை போய்விடும். ஆனால் அந்தப் பிள்ளை ஆறு வாரம் எதைச் சுவாசித்தது என்று எந்த டாக்டருக்கும் தெரியாது.

ஜூலை 14, திங்கள்

எதையும் ஓட்டவில்லை. 43ஆம் பேட்ச் மூட்டையைப் பிரிக்க வேண்டாம் என்று ரஹிமிடம் சொல்லிவிட்டு, பாஸ் வரும்வரை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை துடைத்தேன்.

நோட்டு, நாள்காட்டிப் படம், கழற்றி எடுத்த கேஸ்கட். மூன்றையும் அவர் முன்னால் வைத்தேன். கேஸ்கட் இரண்டு பங்கு வீங்கி, விரலால் அழுத்தினால் குழிந்தது.

பாஸ் நோட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் நீ சைன் பண்ண?"

"என் தப்புதான் பாஸ்."

"இத எழுதினா கவுன்சில் மூடச் சொல்லும். இருபது கிலோ?"

"தெரியல பாஸ். ஆனா புள்ள இருமுது. நான் காதால கேட்டேன்."

"எத்தன வயசு?" நாதன் கேட்ட அதே கேள்வி. சொன்னேன். எழுந்து வெளியே போனார். சிகரெட் விட்டு இரண்டு வருடமானவர். வெறுமனே லோரி நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ரஹிம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை. "ஸ்டாப். எல்லாம் ஸ்டாப். எல்லா ஜாயின்ட்டும் டெஃப்லான் போடு, இது மட்டும் இல்ல." கதவருகே போய்விட்டுத் திரும்பினார். "ரிப்போர்ட்ல என் பேரும் போடு. மே மாசம் நீ ஆர்டர் கேட்ட, அடுத்த மாசம் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன். ஞாபகம் இருக்கு."

எனக்கு ஞாபகம் இல்லை. நிஜமாகவே இல்லை. அவருக்கு இருந்திருக்கிறது.

மூன்று மணிக்கு விமலா வீடு. ஒரு தாளில் அமிலங்களின் பெயர், எவ்வளவு வீரியம், எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம், எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, கீழே என் பெயரும் போன் நம்பரும். டாக்டரிடம் கொடுங்கள் என்றேன். எப்படிக் கசிந்தது என்று சொன்னேன்.

"அப்ப நான் சொன்னது சரி."

"சரி."

"ஆறு வாரமா உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும். பாக்கல. என் தப்பு."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை இரண்டாக மடித்தார், கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தையல் மெஷின் சத்தம் தொடங்கவில்லை.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஷா ஆலம் தாண்டும்வரை தூங்கியிருக்கிறேன். போன வெள்ளிக்குப் பிறகு முதல் தூக்கம்.

ஜூலை 15, செவ்வாய்

கடிதம் கொடுத்தாகிவிட்டது. புவான் அஸ்லினா நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"இதை நீங்களே எழுதினீர்களா?" மலாயில்.

ஆமாம் என்றேன்.

"பெரும்பாலும் நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்." உத்தரவு: பழுது பார்க்கும்வரை ஓட்டக் கூடாது. பிறகு அவர் முன்னிலையில் சோதனை. உரிமத்தைப் பற்றி அதற்குப் பிறகு.

பிளைவுட் கம்பெனிக்குப் போன் செய்தேன். இரண்டு வாரம் தாமதமாகும், காரணம் இதுதான் என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் குரல் லேசாகிவிட்டது. அவர்களுடைய அழுத்தும் மெஷினே உடைந்து கிடக்கிறதாம். "அவசரமே இல்லங்க. மெதுவா அனுப்புங்க."

ஜூலை 16, புதன்

மழை. கடைசியில். ஓட்ட ஒன்றுமில்லாததால் தட்டில் காய்ந்த லிக்னினைச் சலித்து, பைகளில் போட்டு எழுதினேன். ரஹிம் பின்சுவர் லாலாங்கை வெட்டி முடித்தார். இனி அங்கே நடக்கலாம்.

விமலாவிடமிருந்து தகவல் இல்லை.

ஜூலை 17, வியாழன்

டெஃப்லான் வளையங்கள் வந்தன, வெள்ளை வெளேரென்று. பதினொரு இணைப்பும் பிரித்து மாற்றினோம். உள்ளே காற்றை ஏற்றி, ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தோம். இரண்டு இடத்தில் வந்தது. இறுக்கினோம். நின்றது. ஏணியில் நானே ஏறிப் பார்த்தேன். ரஹிம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா காக், மெதுவா," என்று எனக்கு முன்னால் அவர் பயந்தார்.

ஏணி மேலிருந்து அந்த ஜன்னல் தெரிந்தது. மூடியிருந்தது.

மாலை ஐந்து மணிக்குப் போன். தெரியாத நம்பர்.

"மேடம், விமலா பேசறேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில பாப்பாவுக்குப் பெரிய டாக்டர். உங்க பேப்பரக் காட்டினதும் கிளினிக்ல எழுதிக் குடுத்துட்டாங்க. இவரு நாளைக்கு காலை ஷிஃப்ட், லீவு கிடைக்கல. டாக்டர் ஆசிட் பத்தி கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க வரீங்களா?"

வரேன் என்றேன். எத்தனை மணி என்று கேட்க மறந்து, திரும்பக் கூப்பிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கோயிலுக்குப் போக வேண்டியவள் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வரிசையில். எண் 64. கூப்பிட்டுக்கொண்டிருந்தது 17.

பிள்ளையின் பெயர் தர்ஷினி. முன் பல் இரண்டும் இல்லை. பள்ளிக்கூடச் சீருடையோடு வந்திருந்தாள், சீக்கிரம் முடிந்தால் பள்ளிக்குப் போகலாம் என்று. விமலா பக்கத்தில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார். நடு நாற்காலியில் தர்ஷினி. அவளால் சும்மா உட்கார முடியவில்லை.

"ஆன்டி, உங்க கம்பெனியில என்ன சமைக்கிறீங்க?"

"மரம்."

"மரத்த யாரு சாப்பிடுவா?"

"சாப்பிட இல்லமா. மரத்துக்குள்ள நூல் நூலா நாரு இருக்கும். அந்த நாரெல்லாம் பிரிஞ்சு போகாம ஒட்டிக்கிட்டு இருக்க உள்ளேயே ஒரு பசை இருக்கும். அதுக்குப் பேரு லிக்னின். மரத்தூள ஆசிட்ல கொதிக்க விட்டா நாரு தனியா, பசை தனியா வந்துடும்."

"பசைய வச்சு?"

"பலகை ஒட்டலாம். இப்ப பலகை ஒட்டற பசையில ஒரு கெட்ட மருந்து இருக்கு. அதுக்குப் பதிலா இத போடலாம்."

விமலா நேராகப் பார்த்தபடி சொன்னார்: "கெட்ட மருந்துக்குப் பதிலா செய்யறீங்க. செய்யறப்ப ஆசிட் எங்க வீட்டுக்குள்ள வருது."

ஆமாம் என்றேன். தர்ஷினி இருமினாள். விமலா முதுகைத் தடவினார்.

பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் இளம் பெண், சீனர், வேகமாகப் பேசினார். என் தாளை எடுத்து வைத்திருந்தார். எத்தனை மணி நேரம், எவ்வளவு தூரம், யாருக்காவது தொண்டை எரிச்சல் உண்டா, உங்கள் ஆட்களுக்கு இருமல் உண்டா. பதில் சொல்லச் சொல்ல எழுதினார். எக்ஸ்ரே. பிறகு ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். தர்ஷினி கன்னம் உப்ப ஊதினாள். ஒரு மருந்தைப் புகையாக இழுக்கவிட்டு, இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். முள் முன்பைவிட நன்றாக ஏறியது.

அந்த இருபது நிமிடமும் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விமலா பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

டாக்டர் சொன்னது, மறக்காமல் எழுதி வைக்கிறேன்:
– நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. காயமோ தழும்போ இல்லை.
– இது ஆஸ்துமா, லேசானது. ஐந்து வயதில் இருமுறை இழுப்பு வந்திருக்கிறது. அப்போது எங்கள் கலனே இல்லை.
– அமில ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கவில்லை. ஆனால் கிளறிவிட்டிருக்கும். கட்டாயம்.
– வாடை நின்றால் அதிலிருந்து புதுத் தொந்தரவு வராது. தினம் இரண்டு வேளை இழுக்கும் மருந்து. மூன்று மாதத்தில் மறுபடி வரணும்.
– ஓடலாம். விளையாடலாம். நீந்தலாம்.

விமலா கடைசி வரியைத் திரும்பக் கேட்டார். "ஓடலாமா டாக்டர்?" ஓடட்டும் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் விமலா சுவரோரம் நின்றார். அழவில்லை. மூச்சை வாயால் விட்டார், மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி. நான் கைக்குட்டையைத் தேடினேன். எனக்குத்தான் தேவைப்பட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறேன், தர்ஷினி கேட்கிறாள்: "ஆன்டிக்கும் இருமலா?"

கேன்டீனில் மீ ஹூன். விமலா மூன்று தட்டு எடுத்தார், கேட்காமல்.

"கோவம் போகல," என்றார் சாப்பிடும்போது. "சொல்லிடறேன். ஆனா நீங்க அன்னைக்குப் பேப்பர் எழுதிக் குடுக்கலன்னா இன்னும் இருமல் மருந்துதான் ஊத்திட்டு இருந்திருப்பேன்."

"கோவம் இருக்கட்டும்," என்றேன்.

"அக்கா, சம்பால் அந்தப் பக்கம் தள்ளுங்க."

காலையில் மேடம்.

மாலை கோயிலுக்குப் போனேன். கூட்டம். பிரகாரத்தில் ஒரு சுற்றுதான் சுற்ற முடிந்தது. போதும்.

ஜூலை 20, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. நாதன் தோசை சுட்டார், மூன்றாவது நன்றாக வந்தது. மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் வழக்கம்போல நெஞ்சில் அந்தப் பாரத்தைத் தேடினேன். இல்லை.

ஜூலை 21, திங்கள்

காலை ஒன்பதுக்கே அஸ்லினா, கூடவே ஒரு கருவி பிடித்த இளைஞர். பதினொரு இணைப்பும் பார்த்தார்கள். நான் எழுதி ஒட்டிய புதுப் பட்டியலையும் பார்த்தார்கள்: எந்த இணைப்பில் எந்த வளையம், எந்தத் தேதி. தினசரிப் பி.எச். தாள் இனி வெளிச்சுவரிலும் வேலியிலும். தற்காலிகம் என்று எதையும் போடக் கூடாது. போட்டால் கலன் ஓடக் கூடாது. இந்த விதி பாஸ் சொன்னது. சிவப்பில் எழுதச் சொன்னார்.

இன்றைக்கு மரத்தூளைக் கொதிக்கவிட அனுமதி. நாளை அமிலம் மீட்கும்போது கருவியோடு வருவார்கள். அதைப் பார்த்துத்தான் முடிவு.

43ஆம் பேட்ச். தூளில் ஆணி இல்லை. ரஹிம் ஸ்விட்சைப் போடும்முன் ஏதோ முணுமுணுத்தார். பிஸ்மில்லா என்று நினைக்கிறேன். நானும் என் பங்குக்கு முருகா என்றேன்.

விமலாவுக்குச் செய்தி அனுப்பினேன்: நாளைக்கு அமிலம் மீட்கப் போகிறோம். வாடை துளி தெரிந்தாலும் உடனே கூப்பிடுங்கள், நிறுத்திவிடுவேன். பதில்: 'ஓகே கா.'

ஜூலை 22, செவ்வாய்

மேகம், காற்று கடல் பக்கமிருந்து விமலா வீட்டை நோக்கி. காலை பத்துக்கே ஆரம்பித்துவிட்டோம், கருவிக்கார இளைஞருக்கு மத்தியானம் வேறு இடம் போக வேண்டுமாம். பதினொன்றுக்கு மேல் அவர் வேலி ஓரம் நடையாக நடந்தார். ஒரு தடவை நின்றார். செருப்பில் மண் ஏறியிருக்கிறது, அதைத் தட்டினார்.

பன்னிரண்டரைக்கு அஸ்லினா தாளில் கையெழுத்துப் போட்டார். ஓடலாம். மூன்று மாதம் அவ்வப்போது சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். வரட்டும். "எந்த நாளும் வாங்க. செவ்வாய்க்கிழமை வாங்க," என்றேன். சிரித்தார்.

பாஸுக்குப் போன். "குட் லா. குட்," என்று மட்டும். ஐந்து நிமிடம் கழித்து ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து மூன்று தேங்காய்ப் பூ ஐஸ்கிரீம் கொடுத்துவிட்டுப் போனார். அஸ்லினா போய்விட்டிருந்ததால் இரண்டு எனக்கு.

இரண்டரைக்கு அளந்தோம். ரஹிம் அளவுக் கண்ணாடியைப் படித்தார், என்னையும் படிக்கச் சொன்னார். தொண்ணூற்றைந்தரை லிட்டர். பதிவேட்டில் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. கோடு போட்டேன்.

இன்னும் கொஞ்சம் அடியில் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. பின்சுவர்ப் பக்கம் போய், தாள்களைப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் விமலா, கையில் பாதி தைத்த பச்சை ரவிக்கை.

"அக்கா, எப்ப ஆரம்பிப்பீங்க? சொன்னா ஜன்னல மூடிட்டு உக்காந்துக்குவேன்."

"காலையில பத்து மணிக்கே ஆரம்பிச்சாச்சு, விமலா. முடியப் போகுது."

அவர் அசையாமல் நின்றார். மூக்கை உயர்த்தி, காற்று வரும் பக்கம் திரும்பி, ஒரு தடவை இழுத்தார். இன்னொரு தடவை.

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டார்:

"தர்ஷி! செருப்பப் போட்டுட்டு வெளிய வா. ஓடியாடு."